வெப்பமானியும் அதன் பலகையும்

பள்ளிக்கூடங்களின் முன்கூடத்தில் வெப்பமானி ஒன்று தொங்குவதை நீங்கள் கண்டிருக்கலாம். கண்ணாடிக் குழாய், அதனுள் பாதரசம், குழாயின் பின்னே அளவுகள் பொறித்த மரப்பலகை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்கருவி. இவற்றுள் வெப்பத்தை உணர்வது பாதரசம் மட்டுமே. எனினும், அது உணர்ந்ததை நமக்கு எண்ணாக எடுத்துரைப்பது பலகையாகும். பாதரசத்துக்கு எண் தெரியாது. பலகைக்கு வெப்பம் தெரியாது. இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியிருக்கும் வரையில்தான் கருவி மெய் பேசும்.

இப்பொருத்தம் கெட்டால் என்ன நேரும் என்பதை என் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நேரில் கண்டேன். அப்போது நான் பணியாற்றிய பள்ளியில், வெப்பமானி 40 டிகிரி செல்சியசைத் தொட்டுவிட்டால் அன்று வெளியே உடற்பயிற்சி வகுப்பு நடைபெறாது. கோடை விடுமுறையில் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கழற்றி வைத்திருந்த குழாயைப் பலகையில் மீண்டும் பொருத்தியவன் நானே. குழாய் தன் பழைய இடத்திலிருந்து இரண்டு டிகிரி அளவுக்குக் கீழே இறங்கி நின்றதை நான் கவனிக்கவில்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள் பலகை 38 என்று காட்டியது. வழக்கப்படி வகுப்பு நடந்தது. வெயிலில் நின்ற ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மயங்கி விழுந்தான். நிழலில் கிடத்தித் தண்ணீர் தெளித்த பின்னர்க் கண் விழித்தான். நல்லவேளையாக வேறு தீங்கு நேரவில்லை.

மறுநாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆய்வுக்கூடத்து வெப்பமானியை எடுத்து, முதலில் உருகும் பனிக்கட்டியில் வைத்து, அது 0 காட்டுகிறதா என்று சோதித்தாள். பிறகு அதை முன்கூடத்து வெப்பமானியின் அருகில் கட்டித் தொங்கவிட்டாள். ஒன்று 39 காட்டியது. மற்றொன்று 37 காட்டியது. "குழாய் பொய் சொல்லவில்லை, ஐயா, பலகைதான் பொய் சொல்கிறது" என்றாள் அவள். அச்சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை.

அண்மையில் என்னைக் காண வந்த பழைய மாணவர் ஒருவர், கணிப்பொறித் துறையில் தாம் செய்யும் பணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கணிப்பொறிகளுக்குள் இருக்கும் வெப்ப உணரிகளைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளில் பிழை கண்டு திருத்துவதும் அவருடைய வேலைகளுள் ஒன்றாம். "பலகையை நகர்த்தும் வேலைதான், ஐயா" என்று சிரித்தார். அந்த வேலை எத்தகையது, அதில் ஏன் இத்துணைக் கவனம் வேண்டும் என்பதையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கணிப்பொறியை நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். அதன் நடுவே இருந்துகொண்டு, நினைவகத்தையும் செயலியையும் மற்ற உறுப்புகளையும் நேரே ஆளும் பகுதி கெர்னல் எனப்படும். இன்று உலகில் மிகப் பரவலாக வழங்கும் கெர்னல்களுள் ஒன்று லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் என்பவர் 1991-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருப்பதும் இந்தக் கெர்னலே. இதன் மூலநிரலை யாரும் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். மாணவர்க்கும் அவ்வுரிமை உண்டு.

கெர்னல் ஒரு கணிப்பொறியில் விழித்தெழுந்தவுடன் அதற்கு முதலில் தெரியவேண்டுவது, தன்னைச் சுற்றி என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்பதேயாகும். மேசைக் கணிப்பொறிகளில் இது பெரிதும் எளிது. பி.சி.ஐ., யு.எஸ்.பி. ஆகிய இணைப்புகளில் பொருத்தப்படும் சாதனங்கள், கேட்டவுடன் தம்மை உருவாக்கியவர் எண்ணையும் தம் வகை எண்ணையும் தாமே சொல்லிவிடும். வகுப்பில் பெயர் கேட்டால் எழுந்து நின்று சொல்லும் பிள்ளையைப் போன்றவை அவை.

ஆனால் எல்லாச் சாதனங்களும் அவ்வாறு வாய் திறப்பதில்லை. 1982-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஐ-டூ-சி என்னும் இணைப்பு முறை இரண்டே கம்பிகளால் ஆனது. ஒரு கம்பி காலக்கணக்கைச் சுமக்கும்; மற்றொரு கம்பி செய்தியைச் சுமக்கும். அதில் தொங்கும் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. அந்த எண்ணை அழைத்தால் சில்லு "ஆம்" என்று விடை தரும். தான் யார், எந்த வகை என்பதை அது பொதுவாகச் சொல்வதில்லை. செயலிச் சில்லின் உள்ளேயே பதிந்திருக்கும் வெப்ப உணரிகளின் நிலையும் இதுவே. ஆகவே, "இந்த இடத்தில், இந்த முகவரியில், இன்ன வகை உணரி இருக்கிறது" என்று யாரேனும் முன்கூட்டியே எழுதிவைத்தாக வேண்டும்.

முற்காலத்தில் ஏ.ஆர்.எம். வகைச் செயலிகளைக் கொண்ட பலகைகளுக்கு இக்குறிப்புகளைக் கெர்னலின் நிரலுக்குள்ளேயே எழுதிவந்தார்கள். புதிய பலகை ஒன்று சந்தைக்கு வந்தால் அதற்கெனப் புதிய நிரல்கோப்பு ஒன்று பிறக்கும். சிறு வேறுபாடுள்ள கோப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 2011-ஆம் ஆண்டில் டார்வால்ட்ஸ் இந்நிலையைப் பற்றித் தம் மனக்குறையை வெளிப்படையாகவே சொன்னார். அதன் பின்னர் ஏ.ஆர்.எம். உலகம் "டிவைஸ் ட்ரீ" என்னும் முறைக்கு மாறியது. தமிழில் இதனைச் சாதன மரம் எனலாம். இது அப்போது புதிதாகப் பிறந்த கருத்தன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் தோன்றி, 1994-ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. 1275 என்னும் தர அறிக்கையாக வெளிவந்த ஓப்பன் ஃபர்ம்வேர் முறையிலிருந்து கிளைத்தது அது.

சாதன மரம் என்பது நிரல் அன்று. அது ஒரு விவரக்குறிப்பு. "இதைச் செய், அதைச் செய்" என்ற கட்டளைகள் அதில் இரா. அடிமரம் கணிப்பொறிப் பலகை. அதிலிருந்து கிளைகளாகச் செயலி, இணைப்புக் கம்பிகள். அக்கிளைகளில் இலைகளாகச் சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் அதன் முகவரி, வகைப்பெயர், பிற குணங்கள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். மனிதர் படிக்கத்தக்க எழுத்தில் இதனை எழுதி, பின்னர் எந்திரம் படிக்கும் சிறு கோப்பாக மாற்றிக் கெர்னலின் கையில் கொடுக்கிறார்கள். கெர்னல் அதைப் படித்து, ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய டிரைவர் என்னும் இயக்கு நிரலை அழைக்கிறது.

இப்போது நம் வெப்பமானிக்குத் திரும்புவோம். சில்லின் உள்ளே இருக்கும் உணரிதான் பாதரசக் குழாய். சாதன மரத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கும் குறிப்பே பலகை. இவ்வுவமையை ஓர் உண்மையான எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

ராஸ்பெர்ரி பை என்னும் சிறிய கணிப்பொறிப் பலகையை உங்களுள் பலர் அறிவீர்கள். 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பலகையில் பி.சி.எம்.2835 என்னும் சில்லு இருந்தது. 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பலகையில் பி.சி.எம்.2837 என்னும் சில்லு இருந்தது. இரண்டிலும் வெப்ப உணரி உண்டு. அந்த உணரி டிகிரிக் கணக்கில் பேசுவதில்லை. ஏதோ ஒரு முழு எண்ணை மட்டும் தரும். அவ்வெண்ணை வெப்பநிலையாக மாற்றும் விதி மிக எளியது. நீங்கள் கணக்குப் பாடத்தில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடேதான் அது: உணரி தந்த எண்ணைச் சாய்வால் பெருக்கி, வெட்டுத்துண்டைக் கூட்டவேண்டும். வரும் விடை மில்லி டிகிரியில் இருக்கும். அதாவது ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதற் சில்லுக்குச் சாதன மரம் குறிக்கும் சாய்வு −538, வெட்டுத்துண்டு 4,07,000. மூன்றாம் பலகையின் சில்லுக்கும் சாய்வு −538தான். ஆனால் வெட்டுத்துண்டு 4,12,000. உணரி 667 என்னும் எண்ணைத் தந்ததாகக் கொள்வோம். 667-ஐ 538-ஆல் பெருக்கினால் 3,58,846 வரும். சாய்வு எதிர்மமாதலின் இதனைக் கழிக்கவேண்டும். 4,07,000-இலிருந்து கழித்தால் 48,154. அதாவது 48 டிகிரிக்குச் சற்று மேல். 4,12,000-இலிருந்து கழித்தால் 53,154. அதாவது 53 டிகிரிக்குச் சற்று மேல். உணரி சொன்ன எண் ஒன்றே. பலகை மாறியதால் விடை ஐந்து டிகிரி மாறிவிட்டது.

சாய்வு ஏன் எதிர்மமாக இருக்கிறது என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். சில்லுகளில் வெப்பத்தை அறியப் பொதுவாகக் கையாளும் வழி சிலிக்கன் சந்தி ஒன்றின் மின்னழுத்தத்தை அளப்பதாகும். அதன் வழியே மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால், வெப்பநிலை ஒரு டிகிரி ஏறும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. வெப்பம் ஏற ஏற எண் இறங்கும் உணரிக்குச் சாய்வு எதிர்மமாக இருப்பது இயல்பேயன்றோ?

இன்னொன்றையும் இங்கே காணுங்கள். உணரியின் எண் ஒன்று மாறினால் வெப்பநிலை 0.538 டிகிரி மாறுகிறது. 667-க்கு 48.154, 666-க்கு 48.692. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எதையும் அக்கருவியால் சொல்ல இயலாது. ஆகவே திரையில் மூன்று தசம இடங்களைக் கண்டு, இக்கருவி ஆயிரத்தில் ஒரு டிகிரியை அளக்கிறது என்று மயங்கலாகாது. அளவின் நுட்பம் வேறு, எழுதிய இலக்கங்களின் எண்ணிக்கை வேறு என்று ஆய்வுக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லித்தருவது இதைத்தான்.

வெப்பநிலையை அறிவதோடு கெர்னலின் வேலை முடிந்துவிடுவதில்லை. சாதன மரத்தில் வெப்ப எல்லைகளும் குறிக்கப்பட்டிருக்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் விசிறி சுழலவேண்டும். ஓர் எல்லையில் செயலியின் வேகத்தைக் குறைக்கவேண்டும். இறுதி எல்லையைத் தொட்டால் கணிப்பொறியையே நிறுத்திவிடவேண்டும். மேலே சொன்ன பலகைகளுக்கு அவ்விறுதி எல்லை 90 டிகிரி என்று கொள்வோம். முதற் சில்லின் வெட்டுத்துண்டை யாரோ மூன்றாம் பலகைக்கு அப்படியே படியெடுத்துவிட்டால் நேர்வது என்ன? சில்லின் மெய்யான வெப்பம் 90-ஐத் தொடும்போது கெர்னலின் கணக்கில் அது 85-தான். 95-ஐத் தொட்ட பின்னரே காவல் விழித்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பையில் ஃபர்ம்வேர் என்னும் அடிநிலை மென்பொருள் தானும் தனியே காவல் நிற்கிறது. ஆகவே பெருந்தீங்கு நேராது. இரண்டாம் காவலாளி இல்லாத பலகைகளும் உலகில் உண்டு. அங்கே அந்த ஐந்து டிகிரி வெயிலில் நின்ற சிறுவனின் கதையாகிவிடும்.

ஒரு பலகையின் குறிப்பைப் படியெடுத்து மற்றொன்றுக்கு வைப்பதே இத்தகைய பிழைகளின் பொதுவான தோற்றுவாய். ஈயடிச்சான் காப்பி என்று மாணவரிடையே வழங்கும் தொடர் பொறியாளர்க்கும் பொருந்தும். பிழைகளின் வகைகள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, அலகுப் பிழை. எல்லைகள் மில்லி டிகிரியில் எழுதப்படவேண்டும். 90 டிகிரியை 90,000 என்றே எழுதவேண்டும். பழக்கத்தினால் 90 என்று எழுதிவிட்டால் அதன் பொருள் 0.09 டிகிரியாகிவிடும். அறையின் சாதாரண வெப்பத்திலேயே கணிப்பொறி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இவ்வகைப் பிழை உடனே வெளிப்பட்டுவிடும் என்பது ஓர் ஆறுதல்.

இரண்டாவது, பெயர்ப் பிழை. எல்.எம்.75 என்பது நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கிய புகழ்பெற்ற வெப்ப உணரி. அரை டிகிரி வேறுபாட்டை அது காட்டும். அதனோடு ஒத்த இயல்புடைய டி.எம்.பி.75 என்னும் சில்லு 0.0625 டிகிரி வரை காட்டவல்லது. பின்னதன் இடத்தில் முன்னதன் பெயரை எழுதினால் கருவி வேலை செய்யும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் நுட்பமாக அளக்கவல்ல கருவி பருமட்டாக அளந்துகொண்டிருக்கும். பட்டதாரியைத் திண்ணைப் பள்ளியில் உட்காரவைத்தது போன்றது அது.

மூன்றாவது, முகவரிப் பிழை. எல்.எம்.75 சில்லில் மூன்று முகவரிக் கால்கள் உண்டு. அவற்றை மின்சுற்றில் எவ்வாறு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து 72 முதல் 79 வரை எட்டு முகவரிகளுள் ஒன்று அதற்கு அமையும். இவ்வெண்களைப் பதினாறடிமானத்தில் எழுதுவது வழக்கமாதலின் தடுமாற்றம் எளிதில் நேரும். ஒரே பலகையில் இரண்டு உணரிகள் இருந்து, முகவரிகள் மட்டும் இடம் மாறிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இரண்டும் விடை தரும். மின்வழங்கிக்கு அருகிலுள்ள சூட்டைச் செயலியின் சூடு என்று கெர்னல் நம்பியிருக்கும். விசிறி தவறான வேளையில் சுழலும்.

நான்காவது, விடுபட்ட குறிப்பு. ஒரு சில்லில் ஓர் உணரி மட்டும் இருக்கிறதா, பல இருக்கின்றனவா என்பதைக் குறிக்கத் தனி வரி ஒன்று உண்டு. ஒன்றே ஆயின் 0 என்றும், எண் கொடுத்துச் சுட்டவேண்டிய பல உணரிகள் ஆயின் 1 என்றும் எழுதவேண்டும். இவ்வரி விடுபட்டால் வெப்ப எல்லைகளை அந்த உணரியோடு இணைக்கக் கெர்னலால் இயலாது. உணரி இருந்தும் காவல் இல்லை என்ற நிலை உண்டாகும்.

இப்பிழைகளை எவ்வாறு கண்டறிவது? ஒரு சோதனை எளியது. இரவு முழுவதும் அணைத்து வைத்திருந்த பலகைக்கு மின்சாரம் கொடுத்தவுடன் அதன் வெப்பநிலையைக் கேட்கவேண்டும். வேலை செய்யும் சில்லு, தனிக் குளிர்விப்பு இல்லாதபோது, அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியாது. அறை 30 டிகிரியில் இருக்கச் சில்லு 24 என்று சொன்னால் எங்கோ பொய் இருக்கிறது. ஆனால் இச்சோதனை பெரிய பிழைகளையே காட்டிக்கொடுக்கும். சில்லு விரைவில் சூடேறிவிடுமாதலின் ஐந்து டிகிரிப் பிழை அதில் ஒளிந்துகொள்ளலாம். அதற்கு இரண்டாம் சாட்சி வேண்டும். ராஸ்பெர்ரி பையின் ஃபர்ம்வேர் தன் கணக்கில் ஒரு வெப்பநிலையைச் சொல்லும். கெர்னல் சொல்வதும் அதுவும் ஒத்திருக்கவேண்டும். மாணவி ஆய்வுக்கூடத்து வெப்பமானியை அருகில் கட்டியது போன்றதே இது. இவற்றுக்கெல்லாம் மேலாகச் சில்லை உருவாக்கியவர் வெளியிட்ட விவர ஏடும், பலகையின் மின்சுற்று வரைபடமும் இருக்கின்றன. குறிப்பைத் திருத்த முற்படுபவர் அவற்றைப் படித்துப் பார்த்தே தீரவேண்டும்.

இனி, பிழையை எங்கே திருத்துவது என்பது முக்கியமான கேள்வி. எங்கள் பள்ளியில் அந்தச் சிறுவன் மயங்கி விழுந்த பின்னர் ஆசிரியர் ஒருவர் எளிய வழி ஒன்று சொன்னார். "பலகை இருந்தபடியே இருக்கட்டும், இனிமேல் 38 என்று காட்டினாலே வகுப்பை நிறுத்திவிடலாம்" என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்னொரு நாள் யாரேனும் குழாயைச் சரியாகப் பொருத்திவிட்டால் விதி தவறாகிவிடும். குறிப்பேட்டில் ஏறும் எண்களோ என்றும் பொய்யாகவே இருக்கும்.

கெர்னலிலும் இதே சபலம் எழுகிறது. குறிப்பில் ஐந்து டிகிரி குறைகிறதா? எல்லையை 90-க்குப் பதில் 85 என்று எழுதிவிடலாம். அல்லது டிரைவரில் ஐந்து டிகிரியைக் கூட்டிவிடலாம். முதல் வழியில் எண் பொய்யாகவே நிற்கும். இரண்டாம் வழி இன்னும் தீயது. அந்த டிரைவர் பல பலகைகளுக்குப் பொது. குறிப்புச் சரியாக உள்ள பலகைகளெல்லாம் அன்று முதல் ஐந்து டிகிரி கூடுதலாகக் காட்டத் தொடங்கும். ஒருவர் பிழையை மறைக்கப் பலரைப் பிழையாக்குவது திருத்தம் ஆகாது. சாதன மரம் மின்பொறியை உள்ளவாறு உரைக்கவேண்டும்; டிரைவரின் குறையை மூடவும் அதை வளைக்கலாகாது. பிழை எங்கே பிறந்ததோ அங்கேயே திருத்தவேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி.

மற்றொரு விதி, பழைய சொல்லின் பொருளை மாற்றலாகாது என்பது. ஒரு கருவி விற்கப்பட்டபோது அதில் இடப்பட்ட சாதன மரம் பல ஆண்டுகள் அப்படியே இருக்கலாம். கெர்னல் மட்டும் புதிதாகிக்கொண்டே வரலாம். புதிய கெர்னல் பழைய குறிப்பையும் புரிந்துகொள்ளவேண்டும். அதனால்தான் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தை 2011-ஆம் ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்ட பிறகும், எல்.எம்.75 சில்லின் வகைப்பெயர் "நேஷனல்" என்ற முன்னொட்டுடனேயே சாதன மரத்தில் நின்று நிலவுகிறது. அப்பெயரை நம்பி எழுதப்பட்ட குறிப்புகள் பல இருக்கின்றனவன்றோ?

திருத்தம் கெர்னலுக்குள் செல்லும் முறையும் அறிந்துகொள்ளத் தக்கது. மாற்றத்தைப் பேட்ச் என்னும் வடிவில் எழுதுகிறார்கள். நீக்கும் வரிக்கு முன்னே கழித்தற்குறி, சேர்க்கும் வரிக்கு முன்னே கூட்டற்குறி. நம் எடுத்துக்காட்டில் நீங்குவது ஒரு வரி. சேர்வது ஒரு வரி. ஒரு பேட்சில் ஒரு திருத்தம் மட்டுமே இருக்கவேண்டும். வழியில் கண்ட வேறு குறைகளையெல்லாம் அதிலேயே திணிக்கக் கூடாது. மாற்றத்துக்கு மேலே விளக்கவுரை ஒன்று எழுதவேண்டும். என்ன பிழை, அதனால் நேரும் தீங்கு என்ன, சரியான எண் இதுதான் என்று எவ்வாறு அறிந்தோம் என்பவை அதில் இடம்பெறவேண்டும். ஒரு வரித் திருத்தத்துக்குப் பத்து வரி விளக்கம் இருப்பது அங்கே வியப்பன்று.

அவ்விளக்கத்தின் அடியில், இப்பிழை எந்த மாற்றத்தினால் முதலில் நுழைந்தது என்பதைச் சுட்டும் வரி ஒன்று உண்டு. 2005-ஆம் ஆண்டில் டார்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் பதிவேட்டு முறையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி அடையாளம் உண்டு. அதன் முதல் 12 எழுத்துகளையேனும் எழுதி, பழைய மாற்றத்தின் தலைப்பையும் எழுதவேண்டும். இது பழி சுமத்துவதற்காக அன்று. பிழையுள்ள பழைய பதிப்புகள் எவையெவை என்று கண்டு, அவற்றிலும் திருத்தத்தைச் சேர்ப்பதற்கு இவ்வரி பயன்படுகிறது. பின்னர்ப் பிழையை அறிவித்தவர், சோதித்தவர், மதிப்பிட்டவர், எழுதியவர் ஆகியோரின் பெயர்கள் வரும். எழுதியவர் கையொப்ப வரி இடும் வழக்கம் 2004-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. "இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு" என்ற உறுதிமொழி அக்கையொப்பத்தில் அடங்கியுள்ளது.

மனிதர் பார்ப்பதற்கு முன்னே எந்திரமும் ஒருமுறை பார்க்கிறது. ஒவ்வொரு வகைச் சாதனத்துக்கும் அதன் குறிப்பில் எவ்வெவ்வரிகள் இருக்கவேண்டும், எவ்வரியில் எத்தகைய எண் வரலாம் என்ற இலக்கணம் தனியே வகுக்கப்பட்டுள்ளது. அவ்விலக்கணத்தோடு குறிப்பை ஒப்பிட்டுப் பிழை காட்டும் கருவி இருக்கிறது. விடுபட்ட வரியை அது கண்டுபிடித்துவிடும். ஆனால் 4,07,000 என்பதும் 4,12,000 என்பதும் அதற்கு ஒன்றே. இரண்டும் இலக்கணப்படி எண்கள். இலக்கணப் பிழையில்லாத பொய்யை எந்த இலக்கண நூலும் காட்டிக்கொடுக்காது. அதற்கு அளந்து பார்க்கும் ஒருவர் வேண்டும்.

மாணவர்களே, நான் எங்கள் பள்ளிக் குறிப்பேட்டின் கதையை இன்னும் முடிக்கவில்லை. குழாயைச் சரியாகப் பொருத்திய பின்னர், அதுவரை ஏறியிருந்த சில வாரத்துப் பொய் எண்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அவற்றை அழித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூட்டி எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. என் பிழையும் அதில் மறைந்துவிடும் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மாணவியோ, "அழித்துவிட்டால், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பின்னால் படிப்பவர்களுக்கு எப்படித் தெரியும், ஐயா?" என்று கேட்டாள். எண்கள் அப்படியே நின்றன. பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால், எந்நாள் முதல் எந்நாள் வரை குழாய் இறங்கியிருந்தது, எத்தனை டிகிரி கூட்டிக்கொள்ளவேண்டும், எவ்வாறு கண்டோம் என்று எழுதினோம். கீழே பிழையைக் கண்டவள் என்று அவளும், பொருத்தியவன் என்று நானும் கையொப்பமிட்டோம்.

கெர்னலின் திருத்தங்களில் இருப்பவையும் இவையே: பிழை, அதன் தொடக்கம், அதன் அளவு, கண்டறிந்த வகை, கையொப்பம். உங்கள் ஆய்வுக்கூடத்திலோ வீட்டிலோ எண் காட்டும் கருவி ஒன்று இருக்கும். அதன் குழாயை ஒருமுறை பாருங்கள், பலகையையும் பாருங்கள். பனிக்கட்டியில் வைத்தால் அது 0 காட்டுகிறதா என்று சோதியுங்கள். காட்டாவிட்டால் விதியை மாற்றாதீர்கள். பலகையை நகர்த்துங்கள், நகர்த்தியதை எழுதிவையுங்கள்.